வாசம் வராத பெட்டி

பெட்டிக்குள் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. உள்ளே இருக்கும் சுருட்டு காயாமலிருக்க விடுவதற்கென்று சிவப்பிரகாஷ் வாங்கி வைத்த பாட்டில் மூடி திறக்காமல் ஜன்னலோரம் நின்றது. அப்படியிருந்தும் பெட்டி முகப்பில் ஈரத்தைக் காட்டும் முள் எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கமலாத்தாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டாள்.

பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் புருஷன் மோகனசுந்தரம் போய்ச் சேர்ந்த இந்த நாற்பது நாளாக அவளுக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க. வெளியே மார்கழிக் காற்று கணவாய் வழியாகப் புகுந்து வந்து தென்னை மட்டைகளை உரசிக்கொண்டே இருந்தது. சித்தூர்ப் பக்கம் அந்தக் காற்று வந்துவிட்டால் உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி அரை மணியில் மொறமொறக்கும், கதவுகள் தானாகச் சுருங்கி இடைவெளி விடும். வீடே காய்ந்து கிடக்கிறது. அந்தப் பெட்டிக்குள் மட்டும் எங்கிருந்து வந்தது ஈரம்?

மோகனசுந்தரம் சுருட்டுச் சேர்த்தவர். பிடித்தவர் அல்ல. துபாயிலிருந்து வந்த சிநேகிதர்கள், அமெரிக்கா போன மச்சான் என்று ஆளாளுக்குக் கொடுத்தது நாற்பத்தொன்று, ஒவ்வொன்றுக்கும் இடுப்பில் பளபளவென்று ஒரு காகித வளையம். மகள் யோகப்பிரியாவுக்கு நாலு வயதிலிருந்தே இரைப்பு. அதனால் ஒன்றைக்கூடப் பற்றவைக்கவில்லை. எடுத்து மூக்கில் வைத்து உருட்டுவார், மறுபடி அலமாரியில் வைப்பார். "புள்ளையக் கட்டிக் குடுத்துட்டு உக்காந்து ஆசை தீர இழுக்கறன் பாரு" என்பார். கட்டிக் கொடுத்த மறுவருஷமே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பாவி மனுஷன், ஒரு இழுப்பு இழுத்துவிட்டாவது போயிருக்கலாம்.

கருமாதிப் படையலில் அவர் ஆசைப்பட்டதெல்லாம் வைத்தார்கள். ஒரு சுருட்டும் வைத்தார்கள். ஏழு மாத வயிற்றோடு மகள் பக்கத்து அறையில் இருந்ததால் பற்றவைக்கவில்லை. சூடம் காட்டி முடிந்ததும் சோறு காக்கைக்குப் போனது, வேட்டி கொழுந்தனுக்குப் போனது. சுருட்டை மட்டும் கமலாத்தாள் முந்தானையில் துடைத்து, மற்ற நாற்பதோடு திரும்ப வைத்துவிட்டாள். அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பொருளாயிற்றே என்று கை தானாகச் செய்த வேலை அது.

கருமாதி செய்துவைத்த ஆறுமுகசாமி பத்து நாள் கழித்து வந்தபோதுதான் கேட்டார்.

"அந்தச் சுருட்டை யாருக்குங்க குடுத்தீங்க?"

"ஊட்டுலயே வெச்சுட்டனுங்க."

அவர் குடித்துக்கொண்டிருந்த மோரைக் கீழே வைத்தார். "படைச்சதைத் திரும்ப ஊட்டுக்குள்ள வெக்கக் கூடாதுங்க. வெச்சா, உள்ள வந்து எடுத்துக்கன்னு சொன்னாப்பல ஆயிருமுங்க. அதை எடுத்து வெளிய யாருக்காச்சும் குடுத்துருங்க."

எதை எடுப்பது? படையலில் வைத்தது எதுவென்று அவளுக்கு நினைவில்லை, நாற்பத்தொன்றும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்றால் யோகப்பிரியா விடவில்லை. "அப்பா தொட்டது இது ஒண்ணுதானம்மா இருக்குது" என்று அலமாரி மேல் கை வைத்து நின்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் புகை வாசம். யாரும் எதையும் கொளுத்தவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலமாரிப் பக்கமிருந்து கனமாக, இனிப்பாக, எரிகிற வாசம் வரும். மகளுக்கு இரைப்பு கூடியது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "இன்னொரு தடவை இப்படி வந்தா ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்ல. புகை ஆகவே ஆகாது."

அதற்குத்தான் பெட்டி. கொழுந்தன் மகன் சிவப்பிரகாஷ் கைபேசியில் படம் படமாகக் காட்டினான்.

"பெரியம்மா, இந்தக் கண்ணாடிக் கதவு வெச்ச அலமாரி பாருங்க. பெரியப்பா சேத்ததை நாலு பேரு பாக்கணுமில்லீங்களா?"

"வாசம் வெளிய வருமா?"

"கொஞ்சம் வருமுங்க. இது வேண்ணா பாருங்க. தேவதாரு மரம், மேல கண்ணாடி, மூடியைச் சுத்தி ரப்பரு. காகிதத்தை நடுவுல வெச்சு மூடிட்டு இழுத்தீங்கன்னா கிழியுமே தவிர வராது."

"அதையே வாங்கு."

வந்தது. காகிதம் வைத்து இழுத்துப் பார்த்தாள், கிழிந்தது. நாற்பத்தொன்றையும் அடுக்கி மூடினாள். அந்த நிமிஷமே வாசம் நின்றது. மகளின் இரைப்பும் நின்றது. மூன்று நாளாக அவள் மருந்து உறிஞ்சவில்லை, இருமவில்லை, மதியம் படுத்தால் அசைவில்லாமல் தூங்கினாள். பெட்டி வாங்கியது எத்தனை நல்லதாகப் போயிற்று என்று கமலாத்தாள் நினைத்தாள்.

கீரையை உருவி முடித்து நிமிர்ந்தாள். முள் தொண்ணூறில் இருந்தது.

கண்ணாடி மூடியின் உட்புறம், கையகலத்துக்கு வெள்ளையாக ஆவி படிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. பிறகு விரிந்தது. மறுபடி சுருங்கியது. யாரோ கண்ணாடிக்கு அடியில் வாயை வைத்து நிதானமாக ஊதுவது போல. மரத்தில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

திறந்தாள்.

எல்லாம் சாம்பல். நாற்பத்தொன்றும். உருக்குலையாமல், வரிசை மாறாமல், காகித வளையம் கருகாமல். விரல் பட்டதும் ஒன்று உதிர்ந்தது. வாசமே இல்லை. துளிப் புகை இல்லை.

இத்தனையும் எரிந்திருக்கிறது. புகை எங்கே போயிற்று?

பக்கத்து அறையில் மகள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. இழுத்தாள். நிறுத்தினாள். வெகு நேரம் நிறுத்தினாள். விட்டாள்.

கமலாத்தாள் எழுந்தாள். நடந்தாள். கதவைத் தள்ளினாள்.

"கண்ணு."

யோகப்பிரியா கண் திறக்கவில்லை. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. முகத்தில் நோவு எதுவும் இல்லை.

"பாப்பா உதைக்குதா சாமி?"

"சத்தம் போடாதீங்கம்மா." அவள் குரலேதான். "இப்பத்தான் தூங்கறாரு."

சொல்லும்போது ஒவ்வொரு சொல்லோடும் அவள் உதட்டிலிருந்து நீலப் புகை வந்தது. சொல்லி முடித்த பிறகும் வந்தது. மூக்கிலிருந்து இரண்டு கோடாக இறங்கி, கழுத்தில் படிந்து, வயிற்றைச் சுற்றி வந்து, அங்கேயே நின்றது.