காயாத கண்கள்

படத்தில் மற்ற இடமெல்லாம் காய்ந்துவிட்டது. கன்னம், நெற்றி, மூக்குத்திக் கல் எதுவும் விரலில் ஒட்டவில்லை. கண்கள் மட்டும் பதினெட்டாம் நாளும் ஈரமாகவே இருந்தன.

வைகாசி பாதியில் பிடிக்கும் இடவப்பாதி மழையில் எண்ணெய்ச் சாயம் லேசில் காயாது என்று ஓவியன் கோலப்பன் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். திருவிதாங்கூர், கொச்சியோடு சேர்ந்து திருக்கொச்சி ஆன பிறகு வந்த இரண்டாவது இடவப்பாதி அது. கரமனை ஆற்றின் இரைச்சல் அடுக்களைவரை கேட்டது, சாயம் கரைக்கும் டர்ப்பன்டைனும் ஆளிவிதை எண்ணெயும் ஈரச் சுவரின் பூஞ்சையும் சேர்ந்த வாடை சோற்றில்கூட ஏறியிருந்தது. ஆனாலும் ஒரே எண்ணெயில் குழைத்த சாயம்தானே? கன்னம் காயும், கண் காயாதா?

ஸ்ரீவராகத்துச் சேஷனின் மனைவி சீதாலக்ஷ்மியின் படம் அது. ஒரு போட்டோகூட இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். சடலத்தை எடுப்பதற்குள், கூடத்து வாசலில் நின்றபடியே கோலப்பன் அவளை மூடிய இமைகளோடு எழுதி முடித்தான். கண் திறந்திருக்க வேண்டும் என்று சேஷன் கும்பிட்டுக் கேட்டதில் மனம் இளகிவிட்டது. பார்த்திராத கண்ணை எப்படி எழுதுவது? தன் மனைவி பிச்சம்மாளை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவள் கண்களை அந்த இமைகளின் மேல் எழுதினான். யாருக்காக என்று அவளிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான் பிச்சம்மாளுக்குத் தடுமாற்றம். முதலில் அரிசியில் கல் தெரியவில்லை. பிறகு வாசற்படி. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் கையை விரித்தார். ஒரு நாள் கோலப்பன் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். எங்கே திரும்பினாலும் சுவர்தான் தெரிகிறது என்று அன்று முழுவதும் அவள் அழுதாள். அவன் உடனே படத்தை நேராக வைத்தான்.

இன்று அந்தியில் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"கேட்டேளா, வெளக்கு ஏத்தல்லியா? ஒண்ணும் தெரியமாட்டேங்கு."

விளக்கு அவள் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது.

கோலப்பன் படத்தின் முன்னால் வந்து நின்றான். துடைத்தால் பார்வை திரும்புமா, அடியோடு போய்விடுமா? போகிறவரை பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. கந்தையை டர்ப்பன்டைனில் நனைத்தான். அவள் கண் அவளுக்கே போகட்டும். துடைத்தான். வெள்ளை கரைந்தது. கறுப்பு கரைந்தது. கரையும்வரை அந்தக் கண்கள் அவனையே பார்த்தன. அடியில் பழைய இமைகள். மூடியவை.

அடுக்களையில் சத்தம் நின்றது.

காலடி. தடுமாறாத காலடி.

பிச்சம்மாள் நிலைப்படியில் நின்றாள். கண்கள் தெளிந்திருந்தன. கோலப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏட்டி, தெரியுதா?"

அவள் அறையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அந்நிய ஆண்பிள்ளை முன்னால் நிற்பதுபோல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நீங்க யாரு? எங்காத்துக்காரர் எங்கே?"

சேஷன் குடியிருக்கும் ஸ்ரீவராகத்து அக்கிரகாரப் பேச்சு. பிச்சம்மாள் வாயில் ஒரு நாளும் வராதது.

கோலப்பன் மெல்லப் படத்தின் பக்கம் திரும்பினான்.

மூடிய இமைகளுக்கு அடியில் இரண்டு கண்கள் வெளிச்சம் தேடுவதுபோல உருண்டுகொண்டிருந்தன. இடது பக்கம். வலது பக்கம். மறுபடி இடது பக்கம்.