எட்டாம் செக்‌ஷன் பாலத்துத் தடுப்பு

ஜூன் 17, திங்கள். இன்றைய சிறு தவறு: கவுண்டி அலுவலகச் சுவரில் தொங்கும் பழைய நில வரைபடத்தில் ஒரு பண்ணையைத் தப்பான கட்டத்தில் பென்சிலால் குறித்துவிட்டேன். அது இருபதாம் செக்‌ஷன் நிலம். ஒரு செக்‌ஷன் என்பது ஒரு மைல் அகல நிலக் கட்டம்; மூன்று கட்டம் கிழக்கே தள்ளிப் போட்டிருந்தேன். என் மேலதிகாரி வெர்லா குபிசெக் ஒன்றும் சொல்லாமல் ரப்பரால் அழித்துச் சரியான இடத்தில் குறித்தார். கவனக்குறைவு என்று எழுதிவைக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள் என்று மாலை வகுப்பு ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

காலை ஒன்பதே காலுக்கு லோர்னா ஹோல்ம் உள்ளே வந்தாள். எங்கள் கெல்லம் கவுண்டியின் சாலை மேற்பார்வையாளர் டார்வினின் மனைவி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று, கைப்பையை ஓங்கி வைத்தாள்.

"வெர்லா, உனக்கு அஞ்சு பதவி இருக்கே, அதுல எதுகிட்டடி நான் புகார் குடுக்கணும்?"

வெர்லா கண்ணாடியைக் கழற்றினார். கவுண்டி கிளார்க், பத்திரப் பதிவாளர், தேர்தல் அதிகாரி, நில மதிப்பீட்டாளர், நீதிமன்ற எழுத்தர் எல்லாம் அவர் ஒருவர்தான். அறுநூற்றுச் சொச்சம் பேர் வாழும் கவுண்டிக்கு நெப்ராஸ்கா மாநிலச் சட்டம் ஒரு ஆளைத்தான் தரும்.

"பதிவாளர் வெர்லாவுக்கு லெட்டர் போட்டா அவ பதிலே போட மாட்டா. கிளார்க்கிட்டயே சொல்லு. என்னடி ஆச்சு?"

"நாளைக்கு கமிஷனர்கள் கூட்டத்துல டார்வினை வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க. இருபத்தாறு வருஷம்! தடுப்பத் தப்பான பாலத்துல வச்சது நான்தான்னு இவரே சொல்லிட்டாரு. பொய் சொல்றாருடி. படுக்கையில கூட என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குறாரு."

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை மழையில் எட்டாம் செக்‌ஷனின் மேற்கு ஓரத்துப் பாலம் அரித்துப்போனது. அங்கே வைக்க வேண்டிய தடுப்பு, அதே ஓடையின் மேல் மூன்று மைல் கிழக்கே இருக்கும் நல்ல பாலத்தின் முன் நின்றிருந்தது. சனிக்கிழமை காலை, ஓடைக்கு அந்தப் பக்கம் வசிக்கும் ஐனஸ் பார்டாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் தடுப்பைப் பார்த்து நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிப் போனார்கள். இருபத்தைந்து நிமிடம் தாமதம். ஐனஸ் பிழைத்துவிட்டார், ஆனால் இன்னும் பேச்சு வரவில்லை. கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்களின் தலைவர் கென்ட் ஷ்ராம் ஐனஸின் தம்பி.

"நாளைக்கு அந்தக் கூட்டத்தோட மினிட்ஸ நான்தான் எழுதணும்" என்றார் வெர்லா. "இந்தக் கட்டடம் இருக்கற வரைக்கும் அது இருக்கும். உண்மை இல்லாதத அதுல எழுத மாட்டேன். நீ வீட்டுக்குப் போ. மூணு மணிக்கு அவரக் கூட்டிட்டு வா."

லோர்னா போனதும் நான் ஆர்வமாக என் கருத்தைச் சொன்னேன். இப்போது அதை எழுத வெட்கமாக இருக்கிறது. கிளின்ட் ஹாசெக்தான் தடுப்பை நகர்த்தியிருப்பார் என்றேன். நல்ல பாலத்துச் சாலை அவர் வீட்டு வாசல் வழியாகப் போகிறது. புழுதி தாங்கவில்லை, சாலையை மூடுங்கள் என்று போன மாதக் கூட்டத்தில் கத்தியவர். டார்வின் வெள்ளிக்கிழமை மதியம் ஃபோன் செய்தபோது எடுத்தது நான். "எட்டாம் செக்‌ஷன், மேற்கு ஓரப் பாலம்" என்று அவர் சொன்னதைத் தாளில் தெளிவாக எழுதினேன். சாலை ஊழியர் மெர்ல் டென்வரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்பதால், சின்னதாகப் படமும் வரைந்து பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தேன்.

"அந்தத் தாள் இப்ப எங்க?"

"தெரியல. ஆனா எட்டுன்னுதான் எழுதினேன், சத்தியமா."

"எழுதியிருப்ப" என்றார் வெர்லா.

பிறகு அவருடைய பிக்கப்பில் நல்ல பாலத்துக்குப் போனோம். ஷெரிஃப் தடுப்பை ஓரமாக வைத்திருந்தார். வெர்லா அதைச் சுற்றி வந்தார். நான்கு மணல் மூட்டைகள், நான்கும் கட்டியபடி. விளக்கு எரிந்தது. ஆணிகள் இறுக்கமாக இருந்தன. தரையில் கால்கள் பதிந்த தடம் சாலைக்கு நேர் குறுக்கே இருந்தது. இழுத்த தடம் எங்குமில்லை.

"கிளின்ட் இத நகத்தியிருந்தா டிராக்டர்ல சங்கிலி போட்டு இழுத்திருப்பான். கேட்டையே அவன் அப்படித்தான் தொறப்பான்" என்றார்.

திரும்பும் வழியில் சாலைக் கொட்டகையில் நிறுத்தி, டார்வின் ஓட்டும், சாலையைச் சமன் செய்யும் கிரேடர் வண்டியின் டீசல் பதிவைப் பார்த்தார். வெள்ளி மதியம் முழுக்க டார்வின் வடக்கு எல்லையில் இருந்திருக்கிறார், இருபது மைல் தள்ளி. அப்படியானால் அவர் தடுப்பைத் தொடவே இல்லை.

மூன்று மணிக்கு, வெர்லா வரச் சொல்லியிருந்த கிளின்ட், மெர்ல் உட்பட எல்லோரும் கவுண்டரின் முன் நின்றார்கள். டார்வின் தொப்பியைக் கையில் வைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளின்ட் வந்ததுமே ஆரம்பித்தார்.

"என்ன வெர்லா, பரீட்சையா? நான் எட்டாவதோட நின்னவன்."

"ஆமா, பரீட்சைதான்" என்றார் வெர்லா. ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு வெற்றுக் கட்டங்கள். ஒரு டவுன்ஷிப். "செக்‌ஷன் நம்பர் போடுங்க. ஜனெல், நீயும் ஒண்ணு எடுத்துக்க."

கிளின்ட் அரை நிமிடத்தில் முடித்தார். லோர்னாவும்தான். மெர்ல் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எனக்கு இந்த நம்பரெல்லாம் தெரியாதுங்க. படத்துல குறி எங்க இருந்துச்சோ அங்கதான் வச்சேன். அங்க ஒரு பாலமும் இருந்துச்சு. சந்தேகமே வரல."

"தாள் எங்க மெர்ல்?"

"சனிக்கிழமை டார்வின் வாங்கிட்டாரு."

டார்வின் நிமிரவில்லை. "அடுப்புல போட்டுட்டேன்" என்றார்.

நான் என் தாளை நிரப்பி முடித்திருந்தேன். வேலையில் சேர்ந்த முதல் நாள் சொன்னார்கள்: மேல் வலது மூலையில் ஒன்று, அங்கிருந்து இடது பக்கம் எண்ண வேண்டும். அப்படியே ஒவ்வொரு வரிசையையும் வலதிலிருந்து இடமாக எண்ணினேன். வெர்லா என் தாளை எடுத்து கிளின்டின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீயே பாரு" என்றார் மெல்ல.

முதல் வரிசை இரண்டிலும் ஒன்றாக இருந்தது. கிளின்டின் தாளில் ஆறுக்கு நேர் கீழே ஏழு. அங்கிருந்து எண்கள் கிழக்கே திரும்பி ஓடின. ஏர் ஓட்டுகிறவன் சால் முடிவில் திரும்புவது போல, ஒரு வரிசை இப்படி, அடுத்த வரிசை அப்படி. அவருடைய எட்டு மேற்கிலிருந்து இரண்டாவது கட்டம். என்னுடைய எட்டு கிழக்கிலிருந்து இரண்டாவது. இடையே மூன்று மைல்.

"தடுப்பு வச்ச விதத்தப் பாத்தா, சொன்னத ஒழுங்கா செஞ்ச ஆளு வச்சதுன்னு தெரிஞ்சுது" என்றார் வெர்லா. "அப்ப தப்பு சொன்னதுல இருக்கு. சரியா மூணு மைலு, அதே வரிசை. கண்ண மூடிட்டு செஞ்ச தப்பு இல்ல இது. எண்ணிப் பாத்து செஞ்ச தப்பு. காலையில சுவத்துல அழிச்சதும் மூணு கட்டம்தான்." ரப்பரை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். "இதுமாதிரி முன்னாடியும் ரெண்டு தடவ அழிச்சிருக்கேன். வாயத் தொறந்து சொல்லல. அது என் தப்பு."

எட்டு மாதமாக இந்த வரைபடங்களோடு வேலை செய்கிறேன். புரிந்தது போலத் தலையாட்டியிருக்கிறேன். நகரத்துப் பெண் என்று சிரிப்பார்களோ என்று ஒரு முறை கூட யாரிடமும் கேட்கவில்லை.

லோர்னா என்னை விட்டுவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சே வாய மூடிட்டு இருந்தீங்களா?"

"இந்தப் பொண்ணுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகல" என்றார் டார்வின். "அன்னைக்கே அனுப்பிடுவாங்க. அதுவே நான்னா, கத்துவாங்க, விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். கென்டோட அக்காவாச்சேங்கறது அப்புறம்தான் ஒறச்சுது." பிறகு என்னைப் பார்த்தார், முதல் முறையாக. கோபமாகத்தான் பார்த்தார். "நான் நேர்ல போய்ப் பாத்திருக்கணும். பாக்கல. ஆம்புலன்ஸ் மேற்கால திரும்பியிருந்தா என்னாகியிருக்கும், யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. அப்போதுதான் யோசித்தேன். மேற்கே மூன்று மைலில் தடுப்பே இல்லாத உடைந்த பாலம். ஆம்புலன்ஸுக்குள் மூன்று தன்னார்வலர்கள் இருந்தார்கள்.

கிளின்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "என்மேல சந்தேகப்பட்டது யாரு?" என்று கேட்டார். நான் கை தூக்கினேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

எல்லோரும் போன பிறகு வெர்லா நாளைய நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்தார். மூன்றாவது பொருள்: சாலை மேற்பார்வையாளர் பணிநீக்கம். அதை அவர் மாற்றவில்லை.

"நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுவீங்களா?" என்று கேட்டேன். கேட்டதற்கும் வெட்கப்படுகிறேன்.

"நீ சொல்றத எழுதறது என் வேலை, ஜனெல். நீ சொல்ல வேண்டியதச் சொல்றது என் வேலை இல்ல."

"வேலை போயிடுமா?"

"போகலாம். கென்ட் நல்லவன்தான். ஆனா அவனோட அக்கா."

இதை எழுதுவதற்கு முன், நாளை கூட்டத்தில் நான் வாசிக்க வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதினேன். முதல் முறை எழுதியதில் முதல் நாள் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று இரண்டு வரி இருந்தது. அடித்துவிட்டேன். இரண்டாம் முறை எழுதியதில் ஏழு வரிதான் மிஞ்சியது.

நாளை, செவ்வாய். எட்டு மணிக்கு அலுவலகத்தைத் திறக்க வேண்டும். ஒன்பதுக்குக் கூட்டம். மூன்றாவது பொருளுக்கு வந்ததும், டார்வினைக் கூப்பிடுவதற்கு முன் எழுந்து அந்த ஏழு வரியை வாசிக்க வேண்டும். பிறகு, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எழுபது மைல் ஓட்டி மருத்துவமனைக்குப் போய், ஐனஸ் பார்டாவின் கணவரிடம் அதையே தாள் இல்லாமல் சொல்ல வேண்டும்.