வாய் திறந்த கிணறு

பம்பை நிறுத்தி வெகுநேரமாகியும் கிணறு குடித்துக்கொண்டிருந்தது.

பம்புக்காரன் குழாயில் காதை வைத்துக் கேட்டான். டம்ளரின் அடியில் மிஞ்சியதை யாரோ உறிஞ்சுவதுபோல உள்ளே ஆழத்தில் ஒரு சத்தம். மத்தியான வெயிலில் இரும்பு கொதித்துக் கிடக்க, காது பட்ட இடம் மட்டும் ஈரமாய், ஜில்லென்று இருந்தது. அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கும் கீழே போய் ஒட்டிக்கொண்டது.

எண்ணெயை நகர்த்துவதற்காகப் பூமிக்குள் தண்ணீர் செலுத்தும் கிணறு அது. சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்டதில் மாதக்கணக்காகச் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. அமிலம் விட்டால் குழாயையே தின்றுவிடும் என்று வேறு மருந்து தருவித்தார்கள். அது எதையும் எரிக்காது. சுண்ணாம்பை மட்டும் தேடிப்போய், உடும்புப்பிடியாய்ப் பிடித்து, கரைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். மருந்தை இறக்கி ஊறவைத்தும் கிணறு அசைந்துகொடுக்கவில்லை. இன்றும் திறக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

கிணற்றோடு பேசுவது அந்த வேலை செய்பவர்களின் பழக்கம். பம்புக்காரனும் காலையில், மகளைப் பால் குடிக்கவைக்கும் அதே குரலில் கெஞ்சிப் பார்த்தான். பிறகு ஆத்திரம் வந்தது. சனி நாக்கில் உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியவில்லை. வால்வை ஓங்கித் தட்டினான்.

"குடிச்சுத் தொலையேன். வேணும்னா என் பொண்ணையே எடுத்துக்கோ."

கூட இருந்த ஃபிட்டர் சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் முள் சரசரவென்று இறங்கியது.

இப்போது போன் அடித்தது. மனைவி. மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். ஆறு வயது, விழ வேண்டியதுதான் என்று அவன் சிரித்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை, கிளம்பினான். பாதி வழியில் மறுபடி போன். இன்னும் நாலு பல். கடைவாய்ப்பல்லும். ரத்தமில்லை, வலியில்லை.

"என்னங்க, இவளால நிக்க முடியல. காலு வளையுதுங்க."

வண்டியை ஓரங்கட்டி ஃபிட்டரைப் போனில் கூப்பிட்டான். வால்வை மூடச் சொல்லிக் கத்தினான்.

"அப்பவே மூடிட்டேன்ப்பா," என்றார் அவர். "இன்னும் குடிக்குது."

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மனைவி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். குளியலறைப் பக்கம் கை காட்டினாள்.

அதே சத்தம். டம்ளரின் அடி. உறிஞ்சல்.

மகள் ஈரத்தரையில், பிழியாமல் போட்ட துணியாகக் கிடந்தாள். தண்ணீர் போகும் ஓட்டைக்குள் ஒரு கை. முழங்கை வரை. இல்லை, தோள் வரை. இடுப்பைப் பிடித்து இழுத்தான். எலும்பென்று கெட்டியாக எதுவும் கைக்கு அகப்படவில்லை. விரல்கள் புதைந்தன.

அவள் முகத்தைத் திருப்பி, பல்லில்லாத வாயால் சிரித்தாள்.

"அப்பா, நல்லாக் குடிக்குதுப்பா."

தோள் மடங்கியது. வழுக்கியது. கன்னம் ஓட்டையைத் தொட்டது.