சுக்குக் கிடங்கு கேசட்

சுள்ளிக்கல்லில் வீடியோ கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என் மகள் ரஜிதா ஒரு பை நிறையப் பழைய கேசட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தாள். 2002ஆம் வருஷம், ஆடி மாத மழை. கொச்சி மட்டாஞ்சேரியில் பகல் மூன்று மணிக்கே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது.

"அம்மே, இது நோக்கு! நம்மட சுக்குக் கொடவுன் இந்தப் படத்துல உண்டு," என்றாள். கேசட் அட்டையில், எங்கள் கிடங்கின் முன்னால், முகமூடி போட்ட ஒருவன் மூட்டைக் கொக்கியை ஓங்கிக்கொண்டு நின்றான்.

பதினாறு வருஷமாக நான் தேடிய படம் அது. கிடைத்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டேதான் தேடினேன்.

அதில் என் தங்கை பாண்டிச்செல்வி இருக்கிறாள். அவளுடைய போட்டோ ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

எண்பத்தாறில் அவள் உசிலம்பட்டியிலிருந்து வந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. என்னோடு கிடங்கில் சுக்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தவளை, பயந்து ஓட ஒரு பெண் வேண்டும் என்று அங்கே படமெடுக்க வந்தவர்கள் கூட்டிப்போனார்கள். ஒன்றுக்கும் உதவாத பயல்கள். மூட்டை அடுக்குக்கு முட்டுக் கொடுக்கக்கூட ஆள் வைக்கவில்லை. செல்வியையும் ஒரு மலையாளப் பெண்ணையும், "இடம் மாறு, இடம் மாறு" என்று ஒருத்தி இடத்துக்கு ஒருத்தியாகக் காலையிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே அடுக்கு சரிவதை நான்தான் பார்த்தேன்.

"மாறு!" என்று கத்தினேன்.

பத்து வருஷம் கொச்சியில் பழகிய வாய். இங்கே சுமை தூக்குகிறவர்கள் அப்படித்தான் கத்துவார்கள். விலகிப் போ என்று அர்த்தம். அந்தப் பெண் விலகிவிட்டாள். பத்தடி தள்ளிப் பத்திரமாக நின்ற செல்விக்கு மலையாளம் தெரியாது. அக்கா இடம் மாறச் சொல்கிறாள் என்று நினைத்து, ஓடிப்போய் அந்தப் பெண் நின்ற இடத்தில் நின்றாள். அடுக்கு மொத்தமும் செல்வி மேல் விழுந்தது.

இதை நான் என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ரஜிதா பரணிலிருந்து டெக்கை இறக்கித் துடைத்துப் படத்தைப் போட்டாள். மகா மட்டமான படம். பீட்ரூட் சாற்றை ரத்தம் என்று ஊற்றியிருந்தார்கள். கொலைகாரன் தன் வேட்டியே தடுக்கி விழப் பார்த்தான். ரஜிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு செல்வி வந்தாள்.

பச்சைத் தாவணி, எண்ணெய் வழியும் நெற்றி. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஓடுகிறாள், நிற்கிறாள், திரும்புகிறாள். பாவிகள் அந்தத் துண்டை வெட்டாமல் அப்படியே படத்தில் வைத்திருந்தார்கள்.

"ஆரு அம்மே அது?"

"உன் சித்தி. திரும்பப் போடு, ரஜி."

இரண்டாம் தடவை பின்னணி இசை வரவில்லை. அதற்குப் பதில் ஒரு குரல் கேட்டது. "மாறு!"

என் குரல்.

அறையெங்கும் சுக்கு வாசனை காரமாக ஏறியது.

செல்வி அந்த மலையாளப் பெண்ணின் பக்கம் போகவில்லை. நேராக எங்களைப் பார்த்து நடந்து வந்தாள்.

"போதும் ரஜி, அணைச்சிடு."

ரஜிதா பொத்தானை அழுத்தினாள். அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கினாள்.

படம் போகவில்லை.

செல்வியின் முகம் திரை முழுக்க நிறைந்தது. உதடு மெல்ல அசைந்தது.

"யாரு கூடக்கா மாறணும்?"

தெரியாமல் சொல்லிட்டேன்டி, மன்னிச்சிடு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் திரையை மறைக்கப் போன ரஜிதாவின் கை டிவிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் இழுக்கிறாள், வரவில்லை.

"மாறு, ரஜி! மாறு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது.

டிவி இருண்டது. ரஜிதா கையை எடுத்துக்கொண்டு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். மலையாளம் கலக்காமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத என் மகள்.

"மாறிட்டேன்க்கா," என்றாள். "இப்பச் சரியா நிக்கிறேனா?"

அவளுக்குப் பின்னால் டிவிக்குள்ளிருந்து யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

"அம்மே..."