இருட்டுக்குப் பழகும் கண்

வெயிலிலிருந்து நிலவறைக்குள் இறங்கினால் திரை மூன்று விநாடி கறுத்துக் கிடந்து, பிறகு மெல்ல வெளுத்து நிற்க வேண்டும். நிஜக் கண் இருட்டுக்குப் பழகுவது போலவே வீடியோ விளையாட்டிலும் பழக வைத்த புரோகிராம் அது. இன்று மதியம் வெளுப்பு நிற்கவே இல்லை. சுவரின் ஈரம் தெரிந்தது, ஈரத்துக்குள் விரிசல் தெரிந்தது, அதற்கும் அப்பால், மூலையில், உள்ளங்கைகளால் கண்ணைப் பொத்திக்கொண்டு யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

திரைமுன் உட்கார்ந்து அதைச் சோதித்துக்கொண்டிருந்தவன், அந்த நிலவறையை வரைந்த ஓவியரைக் கூப்பிட்டான்.

“மூலைல என்னங்க வெச்சீங்க?”

“ஒண்ணும் வைக்கலையே சார், வெறும் சுவருதான். போய்த் தூங்குங்க, கண்ணு செவந்து கெடக்கு.” சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. புரோகிராம் அவனுடையது என்பது ஊருக்குச் சொன்ன கதை. எழுதியவள் அவன் மனைவியின் தங்கை. வேலை வாங்கித் தந்தவராயிற்றே என்று, விநாடிக் கணக்கெடுக்க ஜன்னல் அடைத்த அறையில் அவன் காட்டிய விளக்கை வெறித்துப் பார்த்தாள். அணைத்ததும் எத்தனை விநாடியில் உருவம் தெரிகிறது என்று சொன்னாள். “போதும் அத்தான், எரியுது” என்று அழுதவளை இருநூறு முறை பார்க்க வைத்தான், பாவி. பார்வை மங்கியதும், வரும்போதே கோளாறோடு வந்தவள் என்று அலுவலகத்தில் சத்தியம் செய்தான். போன மாதம், பட்டப்பகலில், எதிரே வந்த பஸ் தெரியாமல் சாலையில் இறங்கினாள்.

திரையில் அவள் கைகளை இறக்கத் தொடங்கினாள்.

பிளக்கைப் பிடுங்கினான். திரை அணைந்தது. வெளுப்பு அணையவில்லை. மேசையின் விளிம்பு கரைந்தது, பிறகு நாற்காலி, பிறகு அவன் கைகள். சூடேறிய விளக்கில் தூசி கருகும் வாடை. கண்ணை இறுக மூடினான். இமைக்குள்ளும் வெளிச்சம். கண் போனால் பிழைப்பே போச்சு.

“மூடாதீங்க அத்தான்.” காதருகே, பொறுமையாக. “இன்னும் எண்ணி முடிக்கல.”

சுவரைத் தடவித் தடவிக் குளியலறைக்கு ஓடினான். குழாய். தண்ணீர். முகத்தில் அறைந்துகொண்டான். எரிச்சல். நிமிர்ந்தான்.

கண்ணாடியில் முகம் இல்லை. வெள்ளை. அதில் இரண்டு கறுப்பு வட்டங்கள் மட்டும், அவன் கண்மணிகள், பெரிதாகிக்கொண்டே.

ஒவ்வொன்றின் விளிம்பையும் உள்ளேயிருந்து ஐந்து மெல்லிய விரல்கள் பற்றி, நிதானமாக, விரித்துக்கொண்டிருந்தன.