சாம்பல் குழைத்த வீடு

நேற்று பூசிய சுவர் இன்று மத்தியானம் ஆகியும் காயாமல், காய்ச்சலில் வேர்த்த முதுகு மாதிரி வெதுவெதுவென்று உள்ளங்கையில் ஒட்டியபோது, பூச்சுக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இங்க வந்து தொட்டுப் பாருங்களேன்."

"சுவருக்கு ஜுரமா? நெத்தியில ஈரத்துணி போடு," என்றார் அவள் புருஷன், கொத்தனார், கூரையிலிருந்து இறங்காமலே.

வானம் கிழிந்து, மிதந்துகொண்டிருந்த கோபுரங்கள் ஊர்மேல் விழுந்து பதினோரு வருஷம். முன்பு ஒரே மந்திரச் சொல்லில் விளக்கேற்றிய ஜனங்கள் இப்போது குகைக்குள் கல்லை உரசி நெருப்புக்குத் தவம் கிடந்தார்கள். அந்தக் குளிரில் அவள் மகளின் இரண்டு பிள்ளைகள் விறைத்துப் போயின. மூன்றாவது பிறந்து நாலே நாள். அவனுக்காகத்தான் இந்த வீடு, அத்தனைக்கும் பிறகு எழும்பிய முதல் வீடு.

"கலவையில என்ன போட்டீங்க?"

"சுண்ணாம்புக்கு எங்க போறது? கோபுரம் விழுந்த பள்ளத்துல சாம்பல் மலையாக் கெடக்கு. கல்லா இறுகும், பாரு."

"அந்தக் கோபுரத்துல எத்தனை பேர் இருந்தாங்க..."

"பாதி ஊரே இருந்துச்சு. இப்ப என்ன அதுக்கு? சாம்பல் சாம்பல்தானே."

அவள் சுவரில் காதை வைத்தாள். ஈரமண் வாசனை இல்லை; எண்ணெய் காணாத தலைமுடியின் வாடையும் புளித்த பாலின் வாடையும் கலந்து வந்தன. உள்ளே ஏதோ மெல்ல மூச்சை இழுத்தது. மெல்ல விட்டது.

"பொண்ணு எங்க?"

"விடியறதுக்குள்ள உள்ளறைக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். இன்னொரு நாள் குகைக் குளிரத் தாங்குமா அந்தப் புள்ள?"

ஓடினாள். நேற்று தன் கையால் அகலமாகப் பூசிய உள்வாசல், இப்போது தோளை ஒருக்களித்தால்தான் விட்டது.

மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. முகத்தில் சிரிப்பு.

"குளிரே இல்லம்மா. இவனும் அழுகையை நிறுத்திட்டான்."

"எந்திரி. வா வெளியே."

"எங்கம்மா போறது?"

பூச்சுக்காரி குனிந்தாள்.

குழந்தையை வாரினாள். வரவில்லை. இழுத்தாள். சுவரும் கூடவே வந்தது. தோல் மாதிரி.

சுவரில் ஒரு புடைப்பு. அதில் குழந்தையின் வாய். கடைவாயில் சாம்பல்நிறப் பால்.

வெளியே கொத்தனாரின் குரல் கேட்டது. "அடுத்த வீட்டுக்கு இன்னும் பத்துக் கூடை அள்ளிட்டு வாங்கப்பா!"

குழந்தையின் கன்னத்தைத் தடவினாள்.

கல்.

காது, கல்.

இன்னும் இறுகாத ஒற்றைக் கண் உருண்டு அவளைப் பார்த்தது. வாய் சப்பிக்கொண்டே இருந்தது.