காற்றுக்குச் சிறப்பு வரிசை

செவ்வாய்க் கோளின் வைகைக்குழிக் குடியிருப்பில் பொழுது விடிந்தால் யாரும் வாசல் தெளிப்பதில்லை. சுவரிலிருக்கும் காற்றுமானியைத்தான் பார்ப்பார்கள். முள் சிவப்பைத் தொட்டால் காற்று வண்டி வந்து ஆக்சிஜன் உருளையை மாற்றிவிட்டுப் போகும். எல்லா வீட்டு மானிகளின் தகவலும் ஒரே மென்பொருளுக்கு ஓடிவரும். அதில் பொருத்திய துணை நிரலான பங்கீட்டுச் செருகிதான் யாருக்கு முதலில் என்று முடிவு செய்யும். அந்தச் செருகிக்குத் தனிப்பண்புகளை, அதாவது எந்த வீட்டுக்கு என்ன சலுகை என்ற விதிகளை, அமைப்பது செங்கமலத்தின் வேலை.

ஆரம்பத்தில் ஒரே தனிப்பண்புதான். கைக்குழந்தை இருக்கும் வீடு சிறப்பு வரிசைக்குப் போகும், மற்றவை பொது வரிசைக்கு. பிறகு குடியிருப்பு மன்றத் தலைவரின் மைத்துனர் தனக்கும் சிறப்பு கேட்டு வந்தார். அவரைத் தொடர்ந்து ஆளுக்கொரு காரணம், ஆளுக்கொரு தனிப்பண்பு. ஊரைப் பகைத்துக்கொள்வானேன் என்று அவளும் அமைத்துக் கொடுத்தாள். அவள் கணவன் இளவழுதி மட்டும் நமக்கு எதற்கு என்று மறுத்துவிட்டான்.

அன்று புழுதிப்புயல். வண்டிகள் ஊர்ந்தன. பகலில் அவள் வேலையில் இருந்தபோது இளவழுதி வீட்டிலிருந்து அழைத்தான்.

“முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு, கமலம். மூச்சு லேசா முட்டுது. பதறாத, நம்ம முறை வரும்.”

பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் ஷகிலாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஊருக்கெல்லாம் போட்டுக் குடுத்தீங்களேக்கா. உங்க வீட்டுக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்?”

இத்தனை நாள் வைராக்கியமாக இருந்து என்ன கண்டோம் என்று செங்கமலத்துக்கு அழுகை வந்தது. தன் வீட்டெண்ணை இட்டு, ‘சிறப்பு: ஆம்’ என்று அமைத்துச் சேமித்தாள். அப்புறம்தான் திரையை நிதானமாகப் பார்த்தாள்.

ஊரே சிறப்பு வரிசையில் நின்றது. பொது வரிசையில் அதுவரை இருந்தது அவள் வீடு ஒன்றுதான். பொது வரிசைக்கென ஒதுக்கிய வண்டி அவள் தெருமுனை வரை வந்துவிட்டிருந்தது. இப்போது அது திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவள் வீடு சிறப்பு வரிசையின் கடைசிக்குப் போயிருந்தது.

உடனே ‘ஆம்’ என்பதை ‘இல்லை’ என்று மாற்றினாள். செருகி ஏற்கவில்லை. பின்னால் வருகிறவர்கள் தங்கள் சிறப்பைப் பறித்துவிடுவார்களோ என்று பயந்த பெரிய மனிதர்கள், நீக்குவதற்குத் தலைவரின் ஒப்புதல் வேண்டும் என்று அவளையே அமைக்க வைத்திருந்தார்கள்.

தலைவர் வீட்டுக்கு அழைத்தாள். அவருடைய உதவி ரோபோ பணிவாகக் கேட்டது.

“யாரோட சிபாரிசுல பேசுறீங்க?”